ஆறாவது பாட்டின் ஆண்குரல்

கோம்பை
14.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

முனீஸ்வரி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்து மறுபடி தோப்புக்குப் போக ஆரம்பித்துவிட்டார். பனிக்குள் உட்கார்ந்திருக்கும் உன் உடம்பு எப்படி இருக்கிறது?

மாதம் ஒரு தடவை பட்டாள முகாமில் உனக்குக் கிடைக்கும் மூன்று நிமிடப் போனை அம்மாவே பேசித் தீர்த்துவிடுகிறாள். போன தடவை மூன்று நிமிடமும் "சாப்ட்டியாப்பா? என்ன சாப்ட்ட? அது பத்துமா?" என்பதிலேயே போய்விட்டது. நான் பக்கத்தில் நின்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். நான் ஆல்பம் போடப் போகிறேன். ஏழு பாட்டு. ஏழும் நான் எழுதி, நானே மெட்டுப் போட்டு, நானே பாடுவது. பெயர் 'மூணு பக்கம் மலை'. ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. கும்மித் தாளத்தில் ஆரம்பித்து ராப்பில் முடியும் ஒரு பாட்டு. பன்னீர் திராட்சையைப் பற்றி ஒரு ரெகே. குமுளி செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்ட ஜீப்புக்குப் பாதி தமிழ், பாதி மலையாளம். கோம்பை நாய்க்கு ஒரு மெட்டல் பாட்டு. மெட்டல் என்றால் கிதார் உறுமும், பாடுகிறவள் கத்துவாள் என்று அப்பாவுக்கு விளக்கினேன். "கத்துறதுக்கு எதுக்குத்தா மிஷினு? ஒங்காத்தாளக் கூப்புடு" என்றார்.

கிதார் வாசிப்பது குமுளிக்காரன் ஜாஸ்பர். ஒலிப்பதிவு, மிக்சிங் எல்லாம் யுவராணி. உத்தமபாளையத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறாரே ராஜபாண்டி மாமா, அவர் மகள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு இப்போது கடையை அவள்தான் பார்க்கிறாள். அவர்கள் குடோன் சுவர் முழுக்கப் பழைய ஜமுக்காளங்களையும் பந்தல் துணிகளையும் தொங்கவிட்டு ஸ்டூடியோ ஆக்கிவிட்டோம். ஆடி பிறக்கும் முன்பே ஆடிக் காற்று வந்து தகரக் கூரையைப் பிடித்து உலுக்குகிறது. அது மூச்சு வாங்கும் நேரம் பார்த்து நான் பாடிவிடுகிறேன். கல்யாணம், காதுகுத்து என்று மிக்சர் வெளியே போனால் அன்றைக்கு எங்களுக்கு லீவு.

பி.எட். சேரச் சொல்லி அப்பா விண்ணப்பப் பாரம் வாங்கி வைத்திருக்கிறார். தை மாதம் வரைக்கும் தவணை கேட்டிருக்கிறேன். அதற்குள் ஆல்பம் வரவில்லை என்றால் நான் டீச்சர். நீ என்ன நினைக்கிறாய்? உடனே எழுது.

உன் பதிலை எதிர்பார்க்கும் தங்கை,
முனீஸ்


முகாம்
6.8.2024

அன்புத் தங்கச்சி முனீசுக்கு,

அண்ணன் ஈஸ்வரபாண்டி எழுதுவது. நல்ல சுகத்தோடு இருக்கிறேன். அப்பாவை முழங்காலுக்குத் தைலம் விடாமல் தேய்க்கச் சொல். உன் கடிதம் வந்து சேரப் பதினேழு நாள். கடைசிப் பத்து கிலோமீட்டர் கோவேறு கழுதை முதுகில் வந்தது.

ஆல்பம் விஷயம் கேட்டு ரொம்பச் சந்தோஷம். என் பக்கத்துப் படுக்கையில் சுரேஷ்கண்ணன் என்று போடிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் படித்துக் காட்டினேன். "நாய்க்குப் பாட்டா? ஒங்க தங்கச்சி நம்ம ஆளுய்யா" என்றார். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். நீ பாடு.

சில விவரங்கள் கேட்க வேண்டும். மிக்சர் அந்தப் பழைய பதினாறு சானல்தானா? அதில் ஐந்தாவது குமிழ் கரகரக்கும். அதைச் சரி செய்தார்களா? தகரக் கூரைக்குக் கீழே வெக்கை தாங்காது. காற்றாடி போட்டால் சத்தம் பதிவாகும் என்று போடாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒலிப்பதிவு செய்கிறவர்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? ராஜபாண்டி மாமா சுகமா? மாமா வீட்டில் மற்றவர்களும் சுகமா?

அம்மாவிடம் நான் நான்கு சப்பாத்தி சாப்பிடுவதாகச் சொல். அது பத்தும்.

அன்புடன் அண்ணன்,
ஈஸ்வரபாண்டி


கோம்பை
28.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். தைலம் தேய்க்கிறார். நீ கேட்ட 'ஒலிப்பதிவு செய்கிறவர்கள்' மொத்தம் ஒரே ஆள். அவள் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. மாமா வீட்டில் 'மற்றவர்கள்' என்று பார்த்தால் அத்தை சுகம், பசுமாடு சுகம். ஐந்தாவது குமிழைச் சரி செய்தாயிற்று. அது கரகரத்தது உனக்கு எப்படித் தெரியும் என்று யுவராணி கேட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருவிழா மழையில் அந்த மிக்சருக்கு நீ இரண்டு மணி நேரம் குடை பிடித்ததை ஞாபகப்படுத்தினேன். "ஆமா, குடை மிக்சருக்குத்தான் இருந்துச்சு. அவுக முழுக்க நனைஞ்சுட்டாக" என்றாள்.

நாய்ப் பாட்டை முடித்துவிட்டோம்! மேலத்தெருவிலிருந்து கருவாயன் என்று ஒரு கோம்பை நாயைக் கூட்டி வந்தோம். குரைக்கவே இல்லை. யுவராணி மைக்கை அதன் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். "ஏலே, ஒரே ஒரு தடவ கொலைச்சிருடா, கறி வாங்கித் தாரேன்" என்று கெஞ்சினாள். அது மைக்கை நக்கிவிட்டுத் தூங்கிப் போனது. சரி, வேறு வேலை பார்ப்போம் என்று ஜாஸ்பர் கிதாரை ஓங்கி ஓர் அடி அடித்தான். அவ்வளவுதான். நாய் எழுந்தது பார், நான்கு நிமிஷம் விடாமல் குரைத்தது. ஜாஸ்பர் பெட்டி மேல் ஏறி நின்று "அய்யோ சேச்சி, இதைப் பிடிக்கு, இதைப் பிடிக்கு!" என்று அலறிக்கொண்டே வாசித்தான். யுவராணி பதிவை நிறுத்தவில்லை. அந்த அலறலும் பாட்டில் இருக்கிறது. கேட்டால் அதுதான் பாட்டின் உயிர் என்று தோன்றுகிறது.

இப்போது ஆறாவது பாட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். ஊரில் இருக்கும் ஒருத்தியும் தூரத்தில் இருக்கும் ஒருத்தனும் மாற்றி மாற்றிப் பாடுவது. பெண் பக்கம் எழுதியாயிற்று. 'ஊருச் சத்தமெல்லாம் அளந்துவச்சேன், ஒஞ்சத்தம் மட்டும் சேரலையே' என்று வரும். ஆண் பக்கத்துக்கு ஜாஸ்பர் எழுதிக் கொடுத்ததில் நிலா வருகிறது, ரோஜா வருகிறது, ஆள் வரவில்லை. தூரத்தில் இருக்கிறவன் நீ. அப்படி ஒருத்தன் என்ன சொல்வான்? நான்கு வரி போதும்.

தங்கை,
முனீஸ்


முகாம்
20.9.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். இங்கே புதுப் பனி விழ ஆரம்பித்துவிட்டது. நாய் விஷயத்தைப் படித்து இந்தக் கூடாரமே சிரித்தது. தமிழ் தெரியாதவர்களுக்கு சுரேஷ்கண்ணன் குரைத்துக் காட்டினார்.

எனக்குப் பாட்டெழுதத் தெரியாது முனீஸ். ஆனால் ஒன்று சொல்கிறேன். இந்தக் குளிரில் டார்ச் பேட்டரியை வெளியே வைத்தால் விடிவதற்குள் செத்துவிடும். அதனால் அதைத் துணியில் சுற்றிச் சட்டைக்குள்ளே நெஞ்சோடு வைத்துக்கொண்டு தூங்குவோம். தூரத்தில் இருக்கும் ஒருத்தன் ஒரு பெயரையும் அப்படித்தான் வைத்திருப்பான். வெளியே எடுத்தால் விறைத்துப் போய்விடுமோ என்று பயந்து எடுக்காமலே இருப்பான். அவன் அதை யாரிடமும் சொல்லாததற்கு இதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை.

இதைச் சொன்னது சுரேஷ்கண்ணன். பாட்டுக்கு உதவினால் எடுத்துக்கொள்.

யுவராணி நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று மாமாவிடம் நீ சொல்லலாம். நான் சொன்னதாக வேண்டாம்.

அண்ணன்,
ஈஸ்வரபாண்டி


கோம்பை
12.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். சுரேஷ்கண்ணன் அண்ணனுக்கு என் நன்றியைச் சொல். அவர் சொன்னதை இப்படி மாற்றினேன்:

பேட்டரியக் கட்டிக்கிட்டுத் தூங்குறேன் - அது
பனியில செத்துப் போகாம.
பேரொண்ண உள்ளவச்சுத் தூங்குறேன் - அது
வெளியவந்தா வெறைச்சுப் போகும்னு.

ஜாஸ்பர் இதை அழகாகப் பாடினான். யுவராணி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டாள். "இத எழுதுனது யாரு?" என்றாள். சுரேஷ்கண்ணன் என்று போடிக்காரர் ஒருவர் சொன்னது என்றேன். "ஜாஸ்பர் நல்லாத்தான் பாடுறான். ஆனா குளிரே அடிக்கலையே. குளுருல கெடக்குறவுகளே பாடட்டும்" என்றாள். ஜாஸ்பருக்குக் கோபமே இல்லை. "சரியாணு, எனிக்கு வேர்க்குது" என்று சொல்லிவிட்டுக் காற்றாடியைப் போட்டுக்கொண்டான்.

அதனால் நீ பாடி அனுப்ப வேண்டும். மெட்டு ஒன்றும் பெரிதில்லை. பேசுகிற மாதிரி சொன்னாலே போதும். தாளத்தில் யுவராணி உட்கார வைத்துவிடுவாள்.

இன்னொரு செய்தி. சின்னமனூரிலிருந்து யுவராணிக்கு ஒரு மாப்பிள்ளை பேசுகிறார்கள். சென்னையில் கம்பெனி வேலை. கார்த்திகை முகூர்த்தத்தில் பூ வைக்க வருகிறார்களாம். கல்யாணத்துக்குப் பிறகு லவுட்ஸ்பீக்கர் வேலையெல்லாம் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். அத்தைக்கு இடம் பிடித்திருக்கிறது. யுவராணிக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "எனக்கு மிக்சிங் கெடக்கு" என்றாள்.

தங்கை,
முனீஸ்


முகாம்
2.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். தீபாவளிக்கு ஆளுக்கு இரண்டு ஜிலேபி கொடுத்தார்கள்.

எனக்குப் பாட வராது. இடம் நல்ல இடமாக இருந்தால் முடிக்க வேண்டியதுதான். எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

ஈஸ்வரபாண்டி


கோம்பை
18.11.2024

அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் கிடைத்தது. ஜிலேபிக்குக் கொடுத்த இடத்தைக்கூட நீ வேறு எதற்கும் கொடுக்கவில்லை.

யுவராணியிடம் அதைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாதோ என்னவோ. இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். அப்படியானால் ஆல்பம் ஆறு பாட்டோடு போகட்டும் என்றேன். "வேணாம். ஆறாம் நம்பரு காலியாவே கெடக்கட்டும்" என்றாள்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால் பூ வைப்பதைத் தை முதல் முகூர்த்தத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். இது தகவலுக்காக. நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மற்ற பாட்டெல்லாம் முடிந்தது. திராட்சைப் பாட்டுக்குத் தோட்டத்தில் கொத்து வெட்டும் கத்தரிக்கோல் சத்தத்தையே தாளமாகப் போட்டோம். அதைக் கேட்டு ராஜபாண்டி மாமா தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டி நான் பார்த்ததில்லை.

முனீஸ்


கீழ் முகாம், மருத்துவமனை
9.12.2024

அன்புத் தங்கச்சி முனீசுக்கு,

பயப்படாதே. மருத்துவமனை என்றால் பல் வலிதான். கடைவாய்ப் பல் வீங்கி, கன்னம் இளநீர்க் காய் மாதிரி ஆகிவிட்டது. மேலே வைத்தியம் இல்லை என்று கீழே இறக்கிவிட்டார்கள். நாளைக்குப் பிடுங்குகிறார்கள். அம்மாவிடம் சொல்லாதே.

இங்கே போன் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நெட் இல்லை. சுரேஷ்கண்ணன் ஊருக்குப் போகிற வழியில் இங்கே தங்கியிருக்கிறார். ஒரு மாதமாக நான் சரியாகப் பேசாமல் இருந்ததைப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது. "பாடுறீரா, இல்ல ஒம்ம தங்கச்சிகிட்ட நானே எல்லாத்தையும் சொல்லட்டுமா?" என்று போனை நீட்டினார். சமையல் கூடத்துக்குப் பின்னால் நின்று பாடினேன். காலால் தட்டிக்கொண்டு பாடினேன். காற்று பலமாக இருந்தது. வீக்கத்தில் 'ற' சரியாக வரவில்லை. மெமரி கார்டையும் இந்தக் கடிதத்தையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

நன்றாக இல்லாவிட்டால் தூக்கிப் போட்டுவிடு. ஆனால் ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட்டுப் போடச் சொல்.

அண்ணன்,
ஈஸ்வரபாண்டி


கோம்பை
2.1.2025

என் அன்பு அண்ணனுக்கு,

புத்தாண்டு வாழ்த்து! அப்பா, அம்மா, நான், இப்போது நம் வீட்டோடு தங்கிவிட்ட கருவாயன் எல்லோரும் படு சுகம். பல் போய்விட்டதா?

சுரேஷ்கண்ணன் அண்ணனே குடோனுக்கு வந்து கார்டைக் கொடுத்தார். பேட்டரி பற்றி அருமையாகச் சொன்னீர்களே என்றேன். "நானா? எப்பம்மா?" என்று முழித்தார். யுவராணி குனிந்து ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

அப்புறம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உன் பாட்டைக் கேட்டாள். நானும் ஜாஸ்பரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாட்டு முடிந்தது திரையில் தெரிந்தது. ஆனால் ஒலிக் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. நாற்பது செகண்டு. முதல் தடவை கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் செத்த வெளிய நில்லுங்க" என்றாள். நின்றோம். ஜாஸ்பர் இரண்டு டீ குடித்தான். கதவைத் திறந்து வெளியே வந்தவள், "முனீசு, ஒங்க வீட்ல சோறு இருக்கா?" என்றாள். பஸ் ஏறி வந்து, அம்மா கையால் மூன்று தட்டுச் சாப்பிட்டாள். வெண்டைக்காய் புளிக்குழம்பு. இவள் இப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அந்த நாற்பது செகண்டில் என்ன இருந்தது என்று நான் எழுதக் கூடாதென்று உத்தரவு. பேசியவன் நீ, உனக்கே தெரியும். ஆல்பம் ஜனவரி 26-ஆம் தேதி வெளிவருகிறது. ஆறாம் நம்பர் காலியாக இல்லை.

தங்கை,
முனீஸ்


முகாம்
20.1.2025

முனீஸ்,

என்ன நாற்பது செகண்டு? பாட்டு முடிந்ததும் சுரேஷ்கண்ணன் போனை அணைத்துவிட்டதாகச் சொன்னாரே! நான் என்ன பேசினேன் என்று யோசித்து யோசித்து இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. லீவு முடிந்து திரும்பி வந்தவரைக் கேட்டால் சிரிக்கிறார். வேறு யார் கேட்டார்கள்? மாமா கேட்டாரா? யுவராணி கோபமாக இருக்கிறாளா? தை முகூர்த்தம் என்ன ஆயிற்று? உடம்பு, வீடு எல்லாம் அடுத்த கடிதத்தில் விசாரிக்கிறேன். உடனே பதில் எழுது. உடனே.

ஈஸ்வரபாண்டி


உத்தமபாளையம்
8.2.2025

வணக்கம்.

யுவராணி எழுதுகிறேன். மேலே என்ன போட்டுக் கூப்பிடுவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்தாயிற்று. அதனால் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். பல் பிடுங்கிய புண் ஆறிவிட்டதா? சாப்பாடு இறங்குகிறதா?

உங்கள் கடிதத்தை முனீஸ் என்னிடம் நீட்டி, "இதுக்கு நான் எழுத முடியாது மதினி, நீயே எழுது" என்றுவிட்டாள். போன மாதம் வரைக்கும் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

முதலில் ஆல்பத்தைச் சொல்லிவிடுகிறேன். 26-ஆம் தேதி காலையில் வந்தது. கோம்பையிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் திராட்சைப் பாட்டு ஓடுகிறது. நாய்ப் பாட்டு வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மொத்தமாகக் குரைக்கிறார்கள், கண்டக்டர் டிக்கெட் போட முடியவில்லை. கொச்சியில் ஒரு கல்லூரி விழாவுக்குப் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜாஸ்பருக்கு இப்போதே காய்ச்சல். உங்கள் அப்பா பி.எட். பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "அந்தக் கத்துற பாட்டப் போடுப்பா, எம்மக கத்துறது" என்கிறாராம்.

இனி அந்த நாற்பது செகண்டு. போனை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நீங்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். நான் ஒலிப்பதிவுக்காரி, ஒரு சொல்லும் விடமாட்டேன்.

சுரேஷ்கண்ணன்: "இம்புட்டுப் பாடுனீரு, அந்தப் பேரச் சொல்லியே பாடிருக்கலாம்ல?"

நீங்கள்: "யுவராணின்னா? அது தாளத்துல ஒக்காராதுய்யா."

சுரேஷ்கண்ணன்: "அப்ப அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்?"

நீங்கள்: "மொதல்ல கேக்குறது அதுதான. காதுல மாட்டிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு கேக்கும். எங்கொரலு ஒரு மூணு நிமிசம் அது காதுக்குள்ள இருந்துச்சுன்னா போதும். அப்புறம் எந்த ஊருக்கு வேணாலும் போகட்டும், நல்லா இருக்கட்டும்."

பிறகு காற்றுச் சத்தம். நீங்கள் பல் வலியில் "யாத்தே" என்கிறீர்கள். அத்தோடு முடிகிறது.

எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகட்டுமாமே. இவ்வளவு தூரம் பாடிவிட்டுக் கடைசியில் அப்படி ஒரு வார்த்தை. அதற்காக ஒரு நாள் முழுக்கக் கோபமாகத்தான் இருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண் பக்கத்து வரிகளை முனீஸ் எழுதினாள் என்று நினைத்திருப்பீர்கள். அவை நான் சொன்னவை. அவள் கேட்டுக்கேட்டு என் வாயிலிருந்து பிடுங்கினாள். யாரை நினைத்துச் சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பாட்டைக் கேட்ட மறுநாள் அப்பாவிடம் போய், சின்னமனூர்க்காரர்கள் வர வேண்டாம் என்றேன். அப்பா ஒரு பெட்டிக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தார். "காரணம்?" என்றார். பாட்டைக் கேளுங்கள் என்று ஹெட்போனைக் கொடுத்தேன். "அந்தக் குண்டூசிச் சத்தமெல்லாம் எனக்கு ஆகாது. பெட்டியில போடு" என்றார். கல்யாணத்துக்குக் கட்டும் நாலு பெரிய பெட்டியிலும் போட்டார். தெருவே கேட்டது. நாற்பது செகண்டையும் சேர்த்துத்தான். நிறுத்தலாம் என்று ஓடினேன், அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

சந்தைக்கு வந்த உங்கள் அம்மா தெருமுனையில் அப்படியே நின்றுவிட்டாராம். "அது எம்மகன் கொரலு! ஏ ராஜபாண்டி, எம்பிள்ளைக்குப் பல்லு வலிக்குது, யாருமே எங்கிட்டச் சொல்லல!" என்று கூடையோடு ஓடி வந்தார். அப்பா கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "பாட்டுக்காரன் இல்ல. ஆனா நல்லாக் கேக்குது. மைக் வேலைய விடச் சொல்லுவானா?" என்றார். மாட்டாக என்றேன். "எப்படித் தெரியும்?" என்றார். எனக்குத் தெரியும் என்றேன். உங்களைக் கேட்காமல் உங்களுக்காகச் சொன்னது அது ஒன்றுதான். தப்பாக இருந்தால் எழுதுங்கள்.

சின்னமனூருக்கு அப்பாவே போன் செய்து சொல்லிவிட்டார். என் அம்மா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "பட்டாளத்துல சித்திரைக்கு லீவு விடுவாகளா?" என்று கேட்டார். உங்கள் அம்மாவும் அவரும் இப்போது சேர்ந்துதான் சந்தைக்குப் போகிறார்கள்.

அந்த நாற்பது செகண்டை ஆல்பத்தில் விடவில்லை. வெட்டி எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன். அது எனக்கு. பாட்டில் இருந்த காற்றை மட்டும் எடுக்கவில்லை. நல்ல காற்று.

தாளத்தில் உட்காராது என்றீர்களே, உட்காரும். யு-வ-ரா-ணி. நாலே தட்டு. போட்டுப் பார்த்துவிட்டேன், இடிக்கவே இல்லை. உங்கள் பெயர்தான் நீளம், ஒரு தட்டு வெளியே நிற்கிறது. அதைச் சுருக்கி எப்படிக் கூப்பிடலாம் என்று யோசித்து வைத்திருக்கிறேன். இதில் எழுத மாட்டேன். ஊருக்கு வந்து நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

யுவராணி